ஏற்றமும் டர்போவும்

கேள்வி: என்னிடம் பழைய சுபாரு டபிள்யூ.ஆர்.எக்ஸ். இருக்கிறது. நுவரெலியாவுக்கு ஒரு தடவை போய் வந்தாலே பெற்றோல் முள் படுத்துவிடுகிறது. சிக்கனத்துக்கு வழி உண்டா?
– வாசகர், ஹட்டன்

பதில்: உண்டு. பாதி வழி உங்கள் வலது காலில்தான் இருக்கிறது. ஆழமாக மிதித்தால் டர்போ காற்றைத் திணிக்கும்; காற்றுக்கு ஏற்பப் பெற்றோலும் போகும். பழைய டர்போ கார்கள் எஞ்சின் சூட்டைத் தணிக்கவே மேலும் கொஞ்சம் ஊற்றும். ஆகவே நானுஓயா ஏற்றத்தில் உச்ச கியரில் அமுக்காதீர்கள். ஒரு கியர் இறக்கி, அரை மிதியில் ஏறுங்கள்.

மலையோடு பேரம் பேச முடியாது. 1,400 கிலோ காரைக் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயர நுவரெலியாவுக்குத் தூக்க மட்டுமே ஏறத்தாழ 3 லீற்றர் வேண்டும். இறக்கத்தில் கொஞ்சம் மீட்கலாம். கியரிலேயே விட்டு மிதியிலிருந்து காலை எடுத்தால், எஞ்சினுக்குப் போகும் பெற்றோல் நின்றுவிடும். நியூட்ரலில் உருட்டினால் பெற்றோல் எரிந்துகொண்டே இருக்கும், பிரேக்கும் சூடேறிக் கைவிடும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

92 ஒக்டேன் ஊற்றி மிச்சம் பிடிக்கவும் பார்க்காதீர்கள். எஞ்சின் தட்டத் தொடங்கும், கணினி தீப்பொறியைத் தாமதமாக்கும், இழுவை போய்விடும். 95 போடுங்கள். இன்டர்கூலர் குழாயில் கசிவையும் டயர் காற்றையும் பாருங்கள்.

2022இல் எரிபொருள் பங்கீட்டுக் கியூ.ஆர். முறையில் காருக்கு வாரம் 20 லீற்றர் கிடைத்தபோது எப்படி ஓட்டினீர்களோ, அப்படியே ஓட்டுங்கள். வேகப் பசி எடுத்தால், 1934இல் தொடங்கிய மஹகஸ்தொட்ட கார் மலையேற்றப் போட்டி இருக்கிறது. அங்கே முழு மிதி மிதியுங்கள், கணக்குக் கேட்கமாட்டேன்.