மழை ஊரில் ஒரு காது மிஷின்

தீபகற்ப மலேசியாவில் அதிகம் நனையும் ஊர்களில் தைப்பிங்கும் ஒன்று. மாலை மழை எத்தனை மணிக்கு என்று அந்தக் காலத்தில் பந்தயமே கட்டுவார்களாம். இவ்வூர்த் தாத்தாக்கள் காது மிஷின் வாங்கப் போனால் முதல் கேள்வி, "வெளியே தெரியாதே?" என்பதுதான். காது கேட்காதது ஏற்கெனவே தெருவுக்கே தெரியும். அவர்கள் வீட்டு டிவி சத்தம் அப்படி. மிஷின் மட்டும் ரகசியமாம்!

ரப்பர் தொழிற்சாலை இரைச்சலில் உழைத்த காது முதலில் இழப்பது உயர் அலைவரிசையை. 'ச' போன்ற ஒலிகளும் பேரப்பிள்ளைகளின் குரலும் நழுவும். சத்தம் கேட்கும், சொல் புரியாது. கருவியை அந்த இழப்புக்கேற்ப, பரிசோதனை செய்து அமைக்க வேண்டும். இணையத்தில் மலிவாக வரும் காது ஒலிபெருக்கியோ தகரக்கூரை மழையையும் மருமகளையும் சமநீதியோடு உயர்த்தும்.

இழப்பு கடுமையென்றால் காதுக்குப் பின்னால் மாட்டும் வகையே சரி. துவாரத்துக்குள் ஒளியும் குட்டி மிஷினுக்குப் பேட்டரியும் குட்டி. மாட்டப் பேரன் வேண்டும், விழுந்தால் தேடக் குடும்பமே வேண்டும்.

ஈரம் ஆகாதென்று இரவில் சிலிக்கா ஜெல் டப்பாவில் வைக்கச் சொல்வார்கள். தாத்தா பகலிலும் அங்கேயேதான் வைத்திருக்கிறார். கல்யாணத்துக்கு மட்டும் எடுத்து மாட்டி, நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "மிஷின் சரியில்லை" என்கிறார்.