பேட்டரி தீர்ந்தால் கியர் விழுமா?

கேள்வி: பேட்டரி வைத்த கியர் என்கிறார்களே, அப்படியென்றால் சைக்கிள் தானாகவே ஓடுமா?

பதில்: ஓடாது. மிதிப்பதும் மூச்சு வாங்குவதும் பழையபடி ஓட்டுபவர் பாடுதான். செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததற்கு நகர்த்தும் வேலையை மட்டும் பேட்டரி ஏற்றுக்கொள்கிறது. மோட்டார் வைத்துச் சக்கரத்தையே சுழற்றும் இ-பைக் வேறு குடும்பம். இங்கே பேச்சு ரோடு பைக்கைப் பற்றி. ஆட்டுக்கிடா கொம்புபோல் வளைந்த ஹேண்டில்பாரும் ஒல்லி டயரும் கொண்ட பந்தய சைக்கிள் அது.

கேள்வி: கேபிள் கியர் நன்றாகத்தானே வேலை செய்தது? அதில் என்ன குறை கண்டார்கள்?

பதில்: நன்றாகத்தான் வேலை செய்தது, இன்றும் செய்கிறது. பிரேக் பிடியோடு சேர்ந்திருக்கும் ஷிஃப்டரைத் தட்டினால், மெல்லிய எஃகுக் கேபிள் ஒரு குறிப்பிட்ட அளவு இழுபடும். பின்சக்கரத்தருகே தொங்கும் டெரெய்லர் அந்த இழுப்புக்கு ஏற்பச் செயினைப் பக்கவாட்டில் தள்ளும். கேபிளைத் தளர்த்தினால் டெரெய்லரில் உள்ள ஸ்பிரிங் செயினை எதிர்ப்பக்கம் கொண்டுபோகும். இவ்வளவுதான் சங்கதி.

சிக்கல் அளவில் இருக்கிறது. 11 அல்லது 12 பல்சக்கரங்களை அடுக்கிய கேசட்டில் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே 4 மில்லிமீட்டர்கூடக் கிடையாது. கேபிள் ஓடும் அவுட்டருக்குள் மழைநீரும் மண்ணும் புகுந்து உராய்வு கூடினால் அந்தக் கணக்கு பிசகும். தட்டிய கியர் விழாது, அல்லது விழுந்தும் விழாமலும் செயின் கடகடக்கும். புது கேபிள் போட்ட கொஞ்ச நாளில் அவுட்டர் அமுங்கி இடங்கொடுத்துவிடும். டெரெய்லருக்குப் பின்னாலுள்ள திருகைக் கால் சுற்று திருப்பிச் சரிசெய்ய வேண்டும். கவனிக்காமல் விட்டால் ஷிஃப்டருக்குள்ளேயே கேபிள் இழை இழையாகப் பிரிந்து அறுந்தும் போகும்.

இன்னொரு காரணமும் உண்டு. காற்றுத் தடையைக் குறைக்க, பந்தய சைக்கிள் செய்பவர்கள் கேபிள்களை ஹேண்டில்பாருக்குள்ளும் ஃபிரேமுக்குள்ளும் மறைக்கத் தொடங்கினார்கள். இழுபட்டு ஓட வேண்டிய கேபிளுக்கு ஒவ்வொரு வளைவும் ஒரு முட்டுக்கட்டை. மின்சாரம் செல்லும் கம்பிக்கு வளைவு ஒரு பொருட்டே இல்லை. ரேடியோ அலைக்குக் கம்பியே வேண்டாம்.

கேள்வி: இதை முதலில் கொண்டுவந்தது ஷிமானோதானே?

பதில்: பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். முந்திக்கொண்டது பிரான்ஸின் மாவிக் நிறுவனம். 1990-களின் தொடக்கத்தில் ‘ஸாப்’ என்ற பெயரில் அது ஒரு மின்னணு டெரெய்லரை விட்டது. அதில் ஓர் அழகான யோசனை இருந்தது. டெரெய்லரை நகர்த்தும் பலத்தை பேட்டரியிடம் கேட்காமல், செயின் ஓடும்போது சுழலும் சின்னஞ்சிறு கப்பியிடமிருந்தே எடுத்துக்கொண்டது. எப்போது நகர வேண்டும் என்று உத்தரவிடுவது மட்டும் மின்சாரத்தின் வேலை. 1999-ல் அதே நிறுவனத்தின் ‘மெக்ட்ரானிக்’ வந்தபோது கம்பியையும் நீக்கிக் காட்டினார்கள். ஆனால் இரண்டும் மழையிலும் அழுக்கிலும் நம்பகமாக உழைக்கவில்லை. சந்தையில் நிலைக்கவும் இல்லை.

ஜப்பானின் ஷிமானோ 2009-ல் தன் உச்ச வரிசையான டூரா-ஏஸுக்கு டிஐ2 என்ற மின்னணு கியரைக் கொண்டுவந்த பிறகுதான் காற்று திசை மாறியது. 2011-ல் அதைவிட விலை குறைந்த அல்டெக்ராவுக்கும் டிஐ2 வந்தது. இத்தாலியின் கம்பன்யோலோ தன் ஈபிஎஸ் அமைப்பை வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். டிஐ2 பூட்டிய சைக்கிளில் ஆஸ்திரேலியர் கேடல் எவன்ஸ் டூர் டி பிரான்ஸை வென்றதும் அந்த ஆண்டுதான். 2015-ல் அமெரிக்காவின் ஸ்ராம் நிறுவனம் ‘இடேப்’ மூலம் ஷிஃப்டருக்கும் டெரெய்லருக்கும் நடுவே இருந்த கம்பியையே எடுத்துவிட்டது. மாவிக் கண்ட கனவு பலிக்க ஏறத்தாழ கால் நூற்றாண்டு பிடித்தது.

கேள்வி: கியர் கோளாறால் பெரிய போட்டியே கைமாறியது உண்டா?

பதில்: உண்டு. 2010 டூர் டி பிரான்ஸ், 15-ஆவது கட்டம், பிரனீஸ் மலையில் போர்ட் டி பலேஸ் ஏற்றம். முன்னிலை வகிப்பவருக்கான மஞ்சள் சட்டையில் இருந்த லக்ஸம்பர்க்கின் ஆண்டி ஷ்லெக் எழுந்து நின்று வேகமெடுத்த கணத்தில் செயின் கழன்றது. அவர் இறங்கி மாட்டுவதற்குள் ஆல்பர்ட்டோ கான்டடோர் கடந்து போய்விட்டார். அன்று ஷ்லெக் இழந்தது 39 வினாடி. மூன்று வாரப் போட்டி முடிந்து பாரிஸில் கணக்குப் பார்த்தால், கான்டடோர் முன்னிலை பெற்றிருந்ததும் அதே 39 வினாடி. ஊக்கமருந்து விவகாரத்தில் கான்டடோரின் பட்டம் 2012-ல் பறிக்கப்பட்டு ஷ்லெக்குக்கு வழங்கப்பட்டது வேறு கதை.

அன்று ஷ்லெக் ஓட்டியது கேபிள் கியர். எலெக்ட்ரானிக் என்றால் செயின் கழலவே கழலாது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் பெடல் அருகே செயினை நகர்த்தும் டிஐ2-வின் முன் டெரெய்லர், பின்னால் செயின் எந்தப் பல்சக்கரத்தில் இருக்கிறது என்று பார்த்துத் தன் இடத்தைத் தானே திருத்திக்கொள்கிறது. கேபிளில் இந்த நுணுக்கத்தை ஓட்டுபவரின் விரல்தான் செய்ய வேண்டும். மலையேற்றத்தில் மூச்சு முட்டும்போது விரலுக்கு அது நினைவுக்கு வர வேண்டும்.

கேள்வி: நடுவழியில் பேட்டரி தீர்ந்துவிட்டால்?

பதில்: மிதித்தால் சைக்கிள் ஓடும், கடைசியாக விழுந்திருந்த கியரிலேயே. ஆனால் முன்னறிவிப்பே இல்லாமல் அந்த நிலை வருவதில்லை. ஷிமானோ அமைப்பு ஒரு சார்ஜுக்குச் சுமார் 1,000 கிலோமீட்டர் வரும். விளக்கு நிறம் மாறி எச்சரிக்கும். அப்புறமும் அசட்டையாக இருந்தால் முதலில் முன் டெரெய்லர் நிற்கும். பின் டெரெய்லர் இன்னும் கொஞ்ச தூரம் தாக்குப்பிடித்து வீடு சேர உதவும்.

ஸ்ராமில் முன்னும் பின்னும் ஒரே மாதிரி குட்டி பேட்டரிகள். பின்னது தீர்ந்தால் முன்னதைக் கழற்றிப் பின்னால் மாட்டிக்கொள்ளலாம். ஷிஃப்டருக்குள் இருப்பது கைக்கடிகாரத்துக்குப் போடுவது போன்ற வட்டச் செல். அதற்கு ஆயுள் அதிகம்.

கேள்வி: நிஜமான சைக்கிள் வீரனுக்கு இந்தச் சொகுசெல்லாம் எதற்கு?

பதில்: இந்தக் கேள்விக்கு நூறு வயதுக்கு மேல். டூர் டி பிரான்ஸைத் தொடங்கிய ஆன்றி டெக்ராஞ், டெரெய்லரையே பல்லாண்டுகள் போட்டிக்குள் அனுமதிக்கவில்லை. வீரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டித்தான் கியர் மாற்றினார்கள். இத்தாலிய வீரர் துல்லியோ கம்பன்யோலோ, 1927-ல் குரோச்சே தௌனே கணவாயில் குளிரில் விறைத்த விரல்களால் சக்கரத்தின் திருகைக் கழற்ற முடியாமல் தவித்ததாகவும், அதிலிருந்தே ஒரே நெம்பில் சக்கரம் கழலும் பூட்டை உருவாக்கியதாகவும் சொல்வார்கள். அவர் பெயரில்தான் கம்பன்யோலோ நிறுவனம். டெரெய்லருக்கு டூரில் 1937-ல்தான் கதவு திறந்தது. அந்த ஆண்டு டெரெய்லரோடு ஓட்டி வென்றவர் ரோஜே லாபெபி.

தட்டினால் டக்கென்று ஒரு படி விழும் ஷிஃப்டர் 1984-ல் வந்தபோதும், அது 1990-ல் பிரேக் பிடியோடு சேர்ந்தபோதும் முணுமுணுப்பு எழுந்தது. இன்று கேபிள் கியருக்காக வாதாடுகிறவர்கள் காப்பது அந்த இரண்டையும்தான்.

கேள்வி: கம்பியில்லா கியரை வேறொருவர் ஹேக் செய்ய முடியுமாமே?

பதில்: முடிந்தது. 2024 ஆகஸ்டில் சான் டியேகோவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தையும் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள் ஷிமானோவின் கம்பியில்லா டிஐ2-வைச் சோதித்த முடிவை வெளியிட்டார்கள். ஷிஃப்டர் அனுப்பும் சமிக்ஞையைப் பதிவுசெய்து, 10 மீட்டர் தொலைவிலிருந்து அதையே திரும்ப ஒலிபரப்பினால் கியர் மாறியது. சமிக்ஞையைப் புரிந்துகொள்ளக்கூடத் தேவையில்லை. பதிவுசெய்து திருப்பி அனுப்பினால் போதும். மலைச்சரிவில் கூட்டத்தோடு இறங்கும் வீரருக்கு யாரோ கியரை மாற்றிவிட்டால் உயிருக்கே ஆபத்து. ஆய்வாளர்கள் நிறுவனத்திடம் முன்கூட்டியே தெரிவித்ததால், ஷிமானோ மென்பொருளைத் திருத்தி முதலில் தொழில்முறை அணிகளுக்கும் பிறகு எல்லோருக்கும் கொடுத்தது. கம்பியில்லா டிஐ2 வைத்திருப்பவர்கள் அந்தத் திருத்தம் ஏறியிருக்கிறதா என்று இன்றே பார்த்துக்கொள்வது நல்லது.

கேள்வி: இதனால் நிஜமாகவே பயனடைவது யார்?

பதில்: முதலில், ஒவ்வொருவராகக் கடிகாரத்தோடு மோதும் நேரப் போட்டி ஓட்டுபவர்கள். குனிந்து முழங்கையை ஊன்றிப் பிடிக்கும் நீள் கம்பியிலும் பொத்தான் வைக்கலாம், பிரேக் அருகிலும் வைக்கலாம். கேபிளில் அது நடைமுறையில் சாத்தியமில்லை. விரல் வலுக்குறைந்தவர்களுக்கும் மூட்டுவலி உள்ளவர்களுக்கும் லேசான தட்டல் பெரிய விடுதலை. ஒரு கையால் மட்டுமே ஓட்டக்கூடியவர்களுக்கு முன், பின் இரண்டு டெரெய்லர்களையும் ஒரே பக்கத்துப் பொத்தான்களால் இயக்கும் வசதி இருக்கிறது. ஆரோக்கியமான விரல்கள் உள்ளவர்கள் ‘சொகுசு’ என்று ஒதுக்குவது இவர்களுக்குச் சாலையில் இறங்குவதற்கான சீட்டு.

கேள்வி: கெட்டுப்போனால் பழுது பார்க்க முடியுமா?

பதில்: எலெக்ட்ரானிக் கியரின் பலவீனம் இங்கேதான். கேபிள் அறுந்தால் சிற்றூர்க் கடையில்கூட ஒரு கேபிள் கிடைக்கும். சாவி ஒன்று இருந்தால் வேலை முடிந்தது. அவசரத்துக்கு டெரெய்லர் திருகை இறுக்கி, ஓரளவு இலகுவான கியரில் நிறுத்தி வீடு வரலாம். மோட்டார் வைத்த டெரெய்லர் உள்ளே கெட்டால் பெரும்பாலும் முழுசாக மாற்ற வேண்டியதுதான். விழுந்து அடிபட்டால் மோட்டாரைக் காப்பாற்ற இணைப்பைத் தானே விடுவித்துக்கொள்ளும் ஏற்பாடு டிஐ2-வில் இருக்கிறது. பொத்தானை அழுத்திப் பிடித்தால் பல நேரம் பழைய நிலைக்கு வரும். உலோகமே வளைந்துவிட்டால் அதுவும் உதவாது.

2021-ல் ஷிமானோ 12 வேக டூரா-ஏஸையும் அல்டெக்ராவையும் புதுப்பித்தபோது கேபிள் வடிவத்தையே கொண்டுவரவில்லை. ஓட்டுபவர்கள் கேபிளை வெறுத்ததால் இது நடக்கவில்லை. உயர்ந்த தரத்தில் கேபிளைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு அவர்களிடமிருந்து எடுக்கப்பட்டது. மின்னணு கியர் முன்னேற்றம்தான். அதற்காக, சொந்தக் கையால் பழுது பார்க்கக்கூடிய ஒன்றை உச்ச வரிசையிலிருந்து துரத்தியிருக்க வேண்டியதில்லை.

கேள்வி: முதல் ரோடு பைக் வாங்கப்போகிறேன். எதை வாங்கட்டும்?

பதில்: பந்தயம் ஓட்டுபவர், கைவலி உள்ளவர், அருகில் விவரம் தெரிந்த மெக்கானிக் உள்ளவர், செலவு தாங்குபவர் எலெக்ட்ரானிக் வாங்கலாம்; வருத்தப்பட மாட்டார். கடைகண்ணி இல்லாத ஊர்கள் வழியே நெடுந்தூரம் போகிறவரும், பணத்தை எண்ணிச் செலவழிப்பவரும் கேபிளையே வாங்கட்டும். ஷிமானோ 105 வரிசைக்கு 2022-ல் டிஐ2 வந்தது. அடுத்த ஆண்டே 12 வேகத்தில் கேபிள் வடிவமும் வந்தது. எனவே நடுத்தர விலையில் இரண்டும் கிடைக்கின்றன. மிச்சமாகும் தொகையை உடல் அளவுக்குப் பொருந்தும் ஃபிரேமுக்கும், நல்ல டயருக்கும், ஹெல்மெட்டுக்கும் செலவிடுங்கள். கேபிளையும் அவுட்டரையும் கடைக்காரர் சொல்லும் கெடுவுக்குள் மாற்றிவிடுங்கள். கேபிள் கியரைப் பற்றி எழும் புகார்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வேலையோடு தீர்ந்துவிடும்.