பார்மட் அண்ணன்

நெய்யாற்றின்கரையிலிருந்து தெற்கே வரும் நெடுஞ்சாலை அமரவிளையையும் உதியன்குளங்கரையையும் கடந்து, பாறசாலையில் சற்றே இளைப்பாறி, இஞ்சிவிளைக்கு அப்பால் களியக்காவிளையில் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறதல்லவா, அந்தச் சாலையின் இருமருங்கிலும் ரப்பர் தோட்டங்களுக்கும் மரச்சீனி விளைகளுக்கும் நடுவே ஒதுங்கிக் கிடக்கும் எந்தக் கிராமத்துக்குப் போனாலும், வைத்தியர், ஜோதிடர், ஆதாரம் எழுதுகிறவர் என்ற மூவரோடு நான்காமவராக ஒரு பிரகிருதியைத் தாங்கள் தரிசிக்கலாம். பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது. ஊரார் அவரை அழைப்பது பார்மட் அண்ணன் என்று.

சட்டைப்பையில் ஒரு டெஸ்டர், கழுத்தில் நாடா கட்டிய பென் டிரைவ் ஒன்று ருத்ராக்ஷம்போல், பைக்கின் பெட்டியில் முப்பது சி.டி. கொண்ட உறை, இவ்வளவே அவருடைய ஆயுதசாலை. வீட்டுக்குள் வந்ததும் கணினியைப் பார்த்து அவர் ஒன்றும் கேட்பதில்லை. நாம் சிபியு என்று சொல்லும் பெட்டியின் தலையில், ஜுரம் கண்ட குழந்தையின் நெற்றியில் வைப்பதுபோல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடுவார். விசிறி இரைந்தாலும் சரி, மௌஸ் நகராவிட்டாலும் சரி, பிரிண்டரில் மை தீர்ந்திருந்தாலுங்கூடச் சரி, கண்ணைத் திறக்கும்போது அவர் வாயிலிருந்து வரும் தீர்ப்பு ஒன்றுதான்.

"வைரஸ் கேட்டியளா. வேற வழி ஒண்ணும் இல்ல. பார்மட்தான்."

இது சோம்பேறித்தனத்தின் விளைவு என்று நினைப்பவர்கள் அவரை அறியாதவர்கள். அவருக்கு ஒரு சித்தாந்தம் உண்டு. எந்த யந்திரமும் கம்பெனியிலிருந்து புறப்பட்ட நாளில் பரிசுத்தமாகவே இருந்தது. அதன் பிறகு நம் போன்ற கிருகஸ்தர்களின் கைபட்டுத்தான் அசுத்தப்பட்டது. ஆகவே அதை அந்தப் பூர்வநிலைக்குத் திருப்புவதே ஒரே பிராயச்சித்தம் என்பது அவர் கொள்கை. வன்தட்டின் ஒரு மூலையில், ஒரு தனிப் பகுதியில் அந்த முதல்நாளின் பிரதி ஒன்றைக் கம்பெனிக்காரனே வைத்து அனுப்புகிறான் என்பதையும், எச்.பி.யில் எஃப் 11, ஏசரில் ஆல்ட்டோடு எஃப் 10 என்று தக்க க்ஷணத்தில் விசையை அழுத்தினால் அது எழுந்துவந்து மற்ற யாவற்றையும் விழுங்கிவிடும் என்பதையும் அவர் சொல்லக் கேட்கும்போது பிரளயகாலத்தின் வர்ணனையைக் கேட்பதுபோலவே இருக்கும்.

எல்லைப்புறத்தில் பிறந்த எனக்கு மட்டும் இந்தப் பூர்வநிலை என்ற வார்த்தையில் கொஞ்சம் சந்தேகம். எங்கள் தாலுகாவுக்கே இப்படி ஒரு விசை இருந்து யாராவது அழுத்திவிட்டால் அது எங்கே போய் நிற்கும்? 1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடு சென்னை ராஜ்யத்துக்கும் நெய்யாற்றின்கரை கேரளத்துக்கும் என்று பிரித்தார்களே, அதற்கு முந்தின நாளிலா? திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றான 1949-க்கு முன்பா? அல்லது வேணாட்டு அரசர்கள் காலத்திலா? அடுக்களையில் தமிழும் ஆபீசில் மலையாளமுமாகக் காலந்தள்ளும் எங்களில் ஆளுக்கொரு முதல்நாள் சொல்வோம். அண்ணனிடம் இதை ஒருமுறை கேட்டேன். "அது விண்டோஸ்ல வராது சாரே" என்று சொல்லிவிட்டார்.

2017-ஆம் ஆண்டு இடவப்பாதி மழையில் என் தமக்கையின் வீட்டுக் கணினிக்கு நோய் கண்டது. ஆறு வருஷத்துப் பழைய விண்டோஸ் 7 பெட்டி. அத்தான் ரப்பர் ஷீட் கணக்கு பார்க்கப் பக்கத்துக் கடையிலிருந்து யாருடைய பென் டிரைவையோ வாங்கிவந்து செருகினார். மறுநாள் போல்டர்கள் எல்லாம் பெயர் மாறாமல், ஆனால் ஒவ்வொன்றின் இடதுபுற அடிமூலையிலும் வளைந்த சிறு அம்பு ஒன்றைச் சுமந்துகொண்டு நின்றன. திறந்தால் உள்ளே ஒன்றும் இல்லை. அண்ணன் வந்தார், உள்ளங்கையை வைத்தார், தீர்ப்பளித்தார்.

"எனக்க மவளுக்க ஞானஸ்நான போட்டோ எல்லாம் அதுக்குள்ள கெடக்கு மக்களே" என்றாள் தமக்கை.

"அதெல்லாம் அழிஞ்சு போச்சு அக்கா."

ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் மருமகள் கதவருகில் நின்றாள். கேரளத்து அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் விண்டோஸை அல்ல, குனு லினக்ஸைக் கற்கிறார்கள். "அழியல்ல மாமா, மறைச்சுதான் வச்சிருக்கு. அட்ரிப் கமாண்ட் அடிச்சா வந்துரும். இல்லேன்னா எங்க ஸ்கூல் உபுண்டு போட்டுப் பாத்தாலே தெரியும்" என்றாள். அண்ணன் பெரியவர்களுக்கே உரிய கருணையோடு புன்னகை செய்தார்.

அவள் சொன்னதே சாஸ்திர சம்மதமானது. அந்த வகை வைரஸ் உண்மையான போல்டரை அழிப்பதில்லை; 'மறைந்திரு' என்று ஒரு குறியை அதன்மேல் இட்டுவிட்டு, அதே பெயரில் ஒரு போலியை வாசலில் நிறுத்திவிடுகிறது. நெய்யாற்றின்கரை கிருஷ்ணன் கோயில் வளாகத்தில் அம்மச்சிப் பிலாவு என்று ஒரு பழைய பலாமரம் உண்டு. எட்டுவீட்டுப் பிள்ளைமார் என்ற பிரபுக்கள் துரத்தியபோது, பிற்பாடு திருவிதாங்கூர் ராஜாவான மார்த்தாண்ட வர்மா அதன் பொந்துக்குள் ஒளிந்து உயிர் தப்பினார் என்பது ஐதீகம். துரத்தி வந்தவர்கள் ஆளைக் காணாமல் திரும்பிவிட்டார்கள். நல்லவேளையாக அவர்களோடு எங்கள் அண்ணன் வரவில்லை. வந்திருந்தால், மரத்தில் ராஜா இருக்கிறாரா என்று பாராமல் தோப்பையே வெட்டிச் சமப்படுத்தி, மறுபடி பலாக்கொட்டை ஊன்றிவிட்டுத்தான் போயிருப்பார்.

எஃப் 11 அழுத்தப்பட்டது. சதவீதம் ஏறிக்கொண்டிருந்த இரண்டரை மணி நேரத்தில் அண்ணன் இரண்டு சாயாவும் நான்கு பழம்பொரியும் உட்கொண்டு, அவ்வருஷம் மே மாதம் வானாக்ரை என்ற மஹாமாரி உலகமெங்கும் பரவி, வயநாட்டுத் தரியோடு ஊராட்சி அலுவலகத்துக் கணினிகளையும் பாலக்காட்டு ரயில்வே கோட்ட அலுவலகத்துக் கணினிகளையும் பூட்டிவைத்துக்கொண்டு, பெட்டி ஒன்றுக்கு 300 டாலரைப் பிட்காயினாகக் கேட்ட வரலாற்றைச் சொல்லி எங்களை நடுங்கவைத்தார்.

நூறு சதவீதம் ஆயிற்று. கணினி 2011-இல் கண்விழித்தது. திரையில் கம்பெனிக்காரனின் நீல வானம். மேசையில் அறுபது நாள் இலவச ஆன்டிவைரஸ் ஒன்று, தான் பிறந்த காலத்து வியாதிகளின் பட்டியலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு காவலுக்கு நின்றது. ரப்பர் கணக்கு இல்லை. மலையாள எம்.எல்-டி.டி. கார்த்திகா எழுத்துரு இல்லை. தமிழ் பாமினியும் இல்லை. வானாக்ரை நுழைந்த ஓட்டையை அடைக்க மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச் மாதமே அனுப்பியிருந்த மருந்தும், ஆறு வருஷத்தில் உடம்பில் ஏறியிருந்த மற்றத் தடுப்பூசிகளும் அழுக்கோடு அழுக்காகக் கழுவப்பட்டிருந்தன. முதல்நாள் என்றால் அதுதான். பிறந்த சிசு பரிசுத்தமானது, ஆனால் அதற்கு ஒரு ஊசிகூடப் போட்டிருப்பதில்லை. "பளிங்கு மாதிரி இருக்கு" என்றார் அண்ணன்.

பணம் என்றதும் அவர் கூசுவது உண்மையான கூச்சம். "வேண்டாம் சாரே, நம்ம வீடு" என்று இரண்டுமுறை மறுத்து, மூன்றாம் முறை 300 ரூபாய் வாங்கிக்கொண்டார். வானாக்ரை கேட்டதும் முந்நூறுதான், நாணயந்தான் வேறு. ஆனால் பணத்தைக் கொடுத்தால் போட்டோவைத் திருப்பித் தருகிறேன் என்றாவது அந்தக் கொள்ளைக்காரன் வாக்களித்தான்.

தமக்கை மூக்கைச் சிந்திக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். அண்ணனோ கடமை முடியவில்லை என்ற பாவனையில், "புது ஆன்டிவைரஸ் நம்ம கைவசம் இருக்கு, ஏத்தித் தந்துட்டுப் போறேன்" என்று கழுத்திலிருந்த ருத்ராக்ஷத்தைக் கழற்றிப் பெட்டியின் முகப்பில் செருகினார். டிங் என்ற ஒலியோடு ஒரு ஜன்னல் திறந்தது. அதில் அவருடைய போல்டர்கள் வரிசையாக நின்றன.

கதவருகில் நின்ற மருமகள் மெல்ல வந்து திரையின்மேல் விரலை வைத்தாள்.

"மாமா, அம்பு."