பொதுநலன் கருதி

அனுப்புநர்:
மதில் சுவருக்கு வெளியே வசிக்கும் பொதுமக்கள்,
சென்னை.

பெறுநர்:
தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் செயற்குழு உறுப்பினர்கள்,
அடுக்குமாடிக் குடியிருப்போர் நலச் சங்கங்கள் (அனைத்தும்),
சென்னை.

பொருள்: பெருந்தொற்றுக் காலம் – ‘பொதுநலன் கருதி’ என்னும் தொடரைத் தங்கள் சங்கங்கள் கையாண்ட முறை – பாராட்டும் சில ஐயங்களும் தெரிவித்தல் – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவு பெற்று, மாதப் பராமரிப்புத் தொகை, தண்ணீர் லாரி, வண்டி நிறுத்துமிடம், மாடியில் வடகம் காயவைத்தல் ஆகிய நான்கு துறைகளில் மட்டுமே அதுவரை ஆட்சி செலுத்திவந்த தங்கள் சங்கங்கள், 2020 மார்ச் மாதத்தில் எல்லைப் பாதுகாப்பு, குடிநுழைவு, சுகாதாரம் ஆகிய துறைகளையும் கூடுதல் பொறுப்பாக ஏற்றுக்கொண்டதை இந்நகரம் இன்றும் மறக்கவில்லை. அந்நாட்களில் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்ட தாள்களும் வாட்ஸ்அப் குழுவில் விழுந்த சுற்றறிக்கைகளும் ஏறக்குறைய ஒரே தொடரில்தான் தொடங்கின: ‘பொதுநலன் கருதி.’ அத்தொடரில் வரும் ‘பொது’ என்னும் சொல்லின் பரப்பளவு எத்தனை சதுர அடி என்பதை அறிந்துகொள்வதற்காகவே இக்கடிதம் எழுதப்படுகிறது.

‘பொது’ என்பது ஒருவருக்கோ ஒரு சாராருக்கோ உரியதாகாமல் எல்லோருக்கும் உரியதாக இருப்பதைக் குறிக்கும் சொல் என்பதும், தொற்றுநோயைப் பொறுத்தவரை ஒருவருடைய மூச்சு மற்றவருடைய மூச்சோடு கலந்தே தீரும் என்பதால் ‘பொதுச் சுகாதாரம்’ என்று தனியாக ஒரு துறையே தோன்றியது என்பதும் தாங்கள் அறியாதவை அல்ல. ஆயினும் தங்கள் அறிவிப்புகளைத் தேதிவாரியாக அடுக்கிப் படிக்கும் ஒருவர், ‘பொது’ என்பது வாயிற்கதவில் தொடங்கிப் பின்பக்க மதிலில் முடிவது என்றும், ஜெனரேட்டர் அறையை ஒட்டிய தகரக் கொட்டகையில் படுத்துறங்கும் காவலாளி அதற்குள் இருந்தும் அதில் அடங்காதவர் என்றும் முடிவுக்கு வர நேர்கிறது. அகராதி தொகுப்போர் இப்புதுப் பொருளைக் குறித்துக்கொள்வது நல்லது.

2020 மார்ச் 22ஆம் தேதி, மக்கள் ஊரடங்கு நாளன்று, மாலை 5 மணிக்குத் தங்கள் பால்கனிகளில் எழுந்த ஒலியை முதலில் பாராட்டுவதே முறை. எவர்சில்வர் தட்டும் கரண்டியும், பூஜை அறை மணியும், சில மாடிகளில் சங்கும் சேர்ந்து எழுப்பிய அவ்வொலி, மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் துப்புரவுப் பணியாளர்களுக்கும் செலுத்தப்பட்ட நன்றி என்று விளக்கப்பட்டது. அதற்குப் பின் இரண்டே நாளில், மார்ச் 24 அன்று, தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் உறைவிட மருத்துவர் சங்கம், தம் உறுப்பினர்களை வீட்டு உரிமையாளர்கள் வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள் என்று மத்திய உள்துறை அமைச்சருக்குக் கடிதம் எழுத நேர்ந்தது. நாட்டின் பல நகரங்களில் இதே கதை நடந்தது. கைதட்டியவர்களும் காலி செய்யச் சொன்னவர்களும் வேறு வேறு ஆட்கள் என்று வாதிடலாம்; ஆனால் அவ்வளவு பெரிய ஒலியில் தட்டே தட்டாத வீட்டு உரிமையாளர்கள் எல்லா ஊர்களிலும் இவ்வளவு பேர் இருந்தார்கள் என்று நம்புவதற்குச் சற்றுத் தாராள மனம் வேண்டும்.

நிலைமை எந்த அளவுக்குப் போயிற்று என்றால், 1897இல் பம்பாய் பிளேக் நோயை ஒட்டி ஆங்கிலேயர் இயற்றிய கொள்ளைநோய்ச் சட்டத்தை 2020 ஏப்ரல் 22 அன்று அவசரச் சட்டத்தின் வழியே திருத்தி, மருத்துவப் பணியாளர்மீதான வன்முறைக்குச் சிறைத்தண்டனை வகுக்க வேண்டியதாயிற்று. அத்திருத்தம் ‘வன்முறை’ என்பதற்குத் தந்த விளக்கத்தில் அடியும் உதையும் மட்டுமல்லாமல், அவர்களுடைய குடியிருப்பு நிலையையும் பணி நிலையையும் பாதிக்கும்படி தரப்படும் தொல்லையும் சேர்க்கப்பட்டது. நன்றி சொல்லப்பட்ட ஒருவருக்குக் குடியிருக்கப் பாதுகாப்புத் தேடி நூற்று இருபத்து மூன்று ஆண்டுப் பழைய சட்டம் ஒன்று தூசி தட்டப்பட்டது என்பது, தட்டுக்குக் கிடைக்காத பெருமை.

இனி வாயில். கண்ணாடி வேய்ந்த முகப்புக் கூடம் ஒன்று உள்ளே பூட்டியே கிடக்க, ஏப்ரல் வெயிலில் ஒரு பிளாஸ்டிக் மேசை; அதன்மேல் நூல் கட்டிய பேனாவுடன் ஒரு நீள நோட்டு, பாதி தீர்ந்த சானிடைசர் புட்டி, துப்பாக்கி வடிவிலான வெப்பமானி. இது தொடாமலே நெற்றியின் அகச்சிவப்புக் கதிரை அளந்து உடல் வெப்பத்தைக் கணக்கிடும் கருவி. வெயிலில் நடந்து வந்தவர்மீதும் குளிர்சாதனக் காரிலிருந்து இறங்கியவர்மீதும் ஒரே நம்பிக்கையோடு அதைப் பிடித்தால் அது சொல்லும் எண்ணில் பொருளிருக்காது. எல்லோரும் தொட்டு எழுதிய அந்த ஒரே பேனாவைத் தாங்களும் தொட்டுக் கையெழுத்திட்டபின், லிப்ட் பொத்தானை மட்டும் விரலால் தொடக்கூடாது என்று, தெர்மாகோல் துண்டில் வரிசையாகப் பல்குச்சிகளைக் குத்திவைத்தீர்கள். ஒரு மாடிக்கு ஒரு குச்சி. அழுத்தியவர்கள் அக்குச்சியை லிப்டின் மூலையில் போட்டுச் செல்ல, மாலையில் அவற்றைப் பொறுக்கி எடுத்தவர் வெறுங்கையோடுதான் பொறுக்கினார். பரப்புகளைத் தொடுவதால் தொற்றும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலில்தான் அறிவித்தது என்பதால், அறியாமைக்காகத் தங்களைக் குறைசொல்வதற்கில்லை. குச்சியைப் பொறுக்குபவருக்கும் கை உண்டு என்பதை அறிய எந்த மையத்தின் அறிவிப்பும் தேவைப்பட்டிருக்காது.

‘தனிமைப்படுத்தல்’ என்னும் சொல்லையும் சற்று விளக்குவது தகும். நோய் உள்ள ஊரிலிருந்து வருபவரை, நோய் வெளிப்படுவதற்குப் போதிய காலம்வரை விலக்கி வைத்துப் பின் சேர்த்துக்கொள்ளும் இம்முறைக்குப் பழைய சான்று, ஆட்ரியாடிக் கடற்கரையில் இருந்த ரகூசா, அதாவது இன்றைய துப்ரோவ்னிக் நகரம் 1377இல் இயற்றிய சட்டம். பிளேக் பரவிய இடங்களிலிருந்து வந்தவர்கள் முப்பது நாள் வெளியே தங்கியபின் நகருக்குள் விடப்பட்டனர். விலக்கலுக்கு ஒரு முடிவு நாள் உண்டு என்பதே இதன் உயிர்நாடி. தங்கள் சங்கங்கள் வீட்டுப் பணிப்பெண்களுக்கு விதித்ததில் அந்த நாள் மட்டும் விடுபட்டுப் போயிற்று. மார்ச் கடைசியில் ‘மறு அறிவிப்பு வரும் வரை’ நிறுத்தப்பட்டவர்கள் பலருக்கு ஏப்ரல் மாதச் சம்பளம் பாதியாகவும், மே மாதச் சம்பளம் ‘நிலைமை சரியாகட்டும், பார்க்கலாம்’ என்ற சொல்லாகவும் கிடைத்தது. தொலைபேசியில் கேட்டபோது, “உங்க நல்லதுக்குத்தாம்மா வர வேணாம்னு சொல்றோம்” என்று பதில் வந்தது. வெளிநாட்டிலிருந்து வந்திறங்கிய பிள்ளைகள் அதே மாடிகளில் அதே மாதத்தில் தங்கியிருந்தார்கள் என்பதும், நோய் இந்நாட்டுக்கு வந்தது விமானத்தில்தானே அன்றி 29சி பேருந்தில் அன்று என்பதும் சுற்றறிக்கைகளில் இடம்பெறவில்லை. பின்னர் பணிப்பெண்கள் மீண்டும் வேலைக்கு அழைக்கப்பட்டபோது லிப்டில் ஏறக்கூடாது, படியில் வர வேண்டும் என்று தீர்மானம் போடப்பட்டது. அதுவும் பொதுநலன் கருதியே.

அச்சத்தை இங்கே யாரும் பழிக்கவில்லை. புதிய நோய், மருந்தில்லாத நோய், தொலைக்காட்சியில் நாள்தோறும் எண்ணிக்கை ஏறும் நோய் ஒன்றின் முன் எவரும் கதவைச் சாத்தத்தான் செய்வார்கள். தன்னலம் தன்னைத் தன்னலம் என்று ஒப்புக்கொண்டால் அதில் ஒரு நேர்மையாவது மிஞ்சும். சாத்திய கதவின்மேல் ‘பொதுநலன்’ என்று பலகை மாட்டியதில்தான் ஐயம்.

முகக்கவசத்தை எடுத்துக்கொண்டால், பொருளியலார் ‘புறவிளைவு’ என்று ஒன்றைச் சொல்வர். ஒருவர் செய்யும் செயலின் நன்மையோ தீமையோ அவரோடு நில்லாமல் அதில் பங்கேற்காத மற்றவர்மேல் போய் விழுவது அது. சாதாரணத் துணிக் கவசம் அணிபவரைக் காப்பதைவிட, அவர் வாயிலிருந்து கிளம்பும் துளிகளை அங்கேயே தடுத்து எதிரில் இருப்பவரையே மிகுதியாகக் காத்தது. எனவே அது அணிந்தவருக்குப் புழுக்கம், அடுத்தவருக்குப் பயன் என்ற வகையில் தன்னலமின்மையின் சிறு பயிற்சி. செயற்குழுக் கூட்டங்களில் அது எல்லோர் முகத்திலும் இருந்தது. பேசத் தொடங்கும்போது மட்டும் தாடைக்கு இறங்கியது. துளிகள் கிளம்புவது பேசும்போதுதான் என்னும் சிறிய சிக்கலைத் தவிர இவ்வேற்பாட்டில் குறையொன்றும் இல்லை.

தங்கள் மதில்களுக்கு வெளியே இதே தொடர் எவ்வளவு தூரம் சென்றது என்பதற்கு ஒரு நிகழ்வு போதும். 2020 ஏப்ரல் 19 அன்று கொரோனாவால் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் எர்குலிஸின் உடலைச் சென்னையில் அடக்கம் செய்யப் போனபோது, அங்கே புதைத்தால் நோய் பரவும் என்ற வதந்தியை நம்பிய கூட்டம் கல்லும் கட்டையும் கொண்டு ஆம்புலன்ஸைத் தாக்கியது; ஓட்டுநர்கள் காயமுற்றனர். குடும்பத்தாரும் அங்கே நிற்க முடியாமல் போன அந்த இரவில், அவருடைய மருத்துவ நண்பர் ஒருவரே மருத்துவமனை ஊழியர் இருவருடன் ஆம்புலன்ஸை ஓட்டிச் சென்று, வேலங்காடு மயானத்தில் தாமே மண்ணைத் தள்ளி அடக்கம் செய்தார். ஒரு வாரத்துக்குள், இத்தகைய அடக்கத்தைத் தடுப்போருக்கு மூன்று ஆண்டுவரை சிறை என்று தமிழக அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. அக்கூட்டத்தில் தங்கள் சங்கத்தார் இருந்ததாகச் சொல்வது இக்கடிதத்தின் நோக்கமன்று. ஆனால் கல்லை எடுத்தவர்களை அந்நேரம் நிறுத்திக் கேட்டிருந்தால், எங்கள் பகுதி மக்களின் நலனுக்காக என்றுதான் சொல்லியிருப்பார்கள். மண்ணைத் தள்ளியவர் எந்த நலனைக் கருதினார் என்று அறிவிக்கவில்லை.

பிறர் பொருட்டு இயங்கியவர்கள் எவரும் அறிவிப்புப் பலகை வைத்திருக்கவில்லை என்பது இக்காலத்தை ஆராய்வோர் கண்ணில் படும் ஒரு விந்தை. மகளின் படிப்புக்காகச் சேர்த்த ஐந்து லட்சம் ரூபாயை அக்கம்பக்கத்து ஏழைகளுக்கு அரிசி பருப்பாக மாற்றிய மதுரை முடிதிருத்தும் கலைஞர், பிச்சையெடுத்துச் சேர்ந்த பணத்தைப் பத்தாயிரம் பத்தாயிரமாகப் பலமுறை மாவட்ட ஆட்சியரிடம் கொண்டுபோய்க் கொடுத்த முதியவர், விலைவாசி ஏறிய அந்நாட்களிலும் ஒரு ரூபாய் இட்லியை ஒரு ரூபாய்க்கே விற்ற கோவைப் பாட்டி ஆகியோர் செய்திகளில் வந்தார்கள். செய்திகளில் வராத பெண்கள், தங்கள் வாயிலிலேயே நின்றார்கள். மாநகராட்சியின் காய்ச்சல் கணக்கெடுப்புக்காக ஒவ்வொரு நாளும் வீடு வீடாகப் படியேறிய அப்பெண்களிடம், கதவைத் திறக்காமலே “எல்லாரும் நல்லா இருக்கோம், போங்க” என்று சொல்லி அனுப்பியது வெகு சில வீடுகள் அல்ல. தண்ணீர் கேட்டால் பாட்டிலோடு கொடுத்து, “பாட்டிலை நீங்களே வச்சுக்குங்க” என்று சொன்னதைக்கூட ஒரு வகை ஈகையாகக் கணக்கிடலாம்.

2021இல் தடுப்பூசி வந்தது. கூட்டத்தில் பெரும்பாலோர் நோயை எதிர்க்கும் திறன் பெற்றுவிட்டால், பெறாதவரையும் அது ஓரளவு மறைத்துக் காக்கும் என்பதே ‘கூட்டு எதிர்ப்பாற்றல்’. அரசு முகாம்களில் டோக்கனுக்கு விடியற்காலையில் வரிசை நின்ற மே மாதத்தில், தனியார் மருத்துவமனைகளோடு பேசி மன்றக் கூடத்திலேயே முகாம் நடத்திய சங்கங்களின் செயல்திறன் வியப்புக்குரியது. அவற்றுள் சில, காவலாளிகளுக்கும் பணிப்பெண்களுக்கும் தம் செலவிலேயே ஊசி போட்டன. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. மற்றவை அவர்களிடம் சான்றிதழை மட்டும் கேட்டன.

மேற்கண்டவற்றைக் கருத்தில்கொண்டு, தங்கள் அடுத்த பொதுக்குழுவில் பின்வருவனவற்றைத் தீர்மானமாக நிறைவேற்றுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது. ‘பொதுநலன் கருதி’ என்பதற்குப் பதிலாக ‘எங்கள் நலன் கருதி’ என்று இனி அச்சிடலாம். ஒரே ஒரு சொல் மாறுவதால் அச்சுச் செலவு கூடாது. 2020 ஏப்ரல், மே மாதங்களில் பணிப்பெண்களுக்கு நிறுத்திவைக்கப்பட்ட சம்பள பாக்கியை, சேமிப்பு நிதியில் இருந்தேனும் கணக்குப் பார்த்துக் கொடுத்து ரசீது பெற்றுக்கொள்ளலாம். இத்தனை ஆண்டு வட்டியை அவர்கள் கேட்கவில்லை.

இக்கடிதத்தைக் கொண்டுவருபவர் ஆறாம் மாடியில் வேலை செய்பவர். அவர் அதைச் செயலாளர் வீட்டில் சேர்ப்பதற்கு லிப்டில் ஏறிவர அனுமதிக்குமாறும் கேட்டுக்கொள்ளப்படுகிறது.