மாமியாரின் மூக்குக்கண்ணாடி

கேள்வி: மாமியார், இரண்டு பிள்ளைகள், மாதத்தவணை, வீட்டில் எந்நேரமும் சூடு. இதில் அன்பு காட்ட நேரம் ஏது சார்?
- ஒரு வாசகி, தாமல்

பதில்: நேரம் எதற்கம்மா? ஒரகடத்தில் இரவு ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குகிற வீட்டுக்காரருக்கு வாசல் லைட்டை அணைக்காமல் வையுங்கள். மாமியாரின் மூக்குக்கண்ணாடியைப் புடவைத் தலைப்பால் துடைத்துக் கொடுங்கள். (அப்புறம் அடுப்படி அழுக்கு அவருக்குப் பளிச்சென்று தெரியும், அந்த ஆபத்து உண்டு.)

செய்ததற்குக் கணக்கு மட்டும் வேண்டாம். உங்கள் மாவட்டத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில், கி.பி. 921-லேயே, கணக்குக் காட்டாதவர் வாரியத்துக்கு நிற்கக்கூடாது; அவர் உறவினரும் கூடாது என்று எழுதியிருக்கிறது. நல்லவேளை, அது ஊர்ச்சபைக்கு! வீட்டுக்கென்றால் என் பெயர் எழுதிய ஓலைதான் முதலில் தள்ளுபடி. காலைக் காபி பாக்கியே ஏழு வருஷத்துக்கு நிற்கிறது.