வைட்டமினும் வருடக்கணக்கும்

பாக்டீரியா சத்தமில்லாமல் செய்துவிடும் வைட்டமின் பி12-ஐ ஆய்வகத்தில் செய்து முடிக்க நம் மேதைகளுக்கு எத்தனை நாள் பிடித்தது? (வாசகர், தேனி)

நாளா? ஹார்வர்டில் உட்வர்ட், சூரிச்சில் எஷன்மோசர் என்று இரண்டு வேதியியலாளர்கள், இருவரிடமும் சேர்த்துச் சுமார் 100 ஆராய்ச்சியாளர்கள். பத்து வருடத்துக்கு மேல் மல்லுக்கட்டி 1972-ல்தான் முடித்தார்கள். சரி, இன்று நீங்கள் விழுங்கும் மாத்திரையில் இருப்பது யார் செய்த பி12 என்கிறீர்கள்? பாக்டீரியா செய்ததுதான்! அது சம்பளமும் கேட்பதில்லை, கட்டுரையில் பெயர் போடச் சொல்வதுமில்லை.

வீண் வேலை என்று சிரித்துவிடாதீர்கள். அந்த முயற்சியில் ஒரு வினை எதிர்பாராத பக்கம் திரும்பியது. ஏன் என்று உட்வர்ட் துருவியதில்தான், சக வேதியியலாளர் ஹாஃப்மனோடு சேர்ந்து 1965-ல் வெளியிட்ட, சில வகை வினைகள் எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்லும் உட்வர்ட்-ஹாஃப்மன் விதிகள் பிறந்தன. அதற்காக 1981-ல் ஹாஃப்மனுக்கு நோபலில் பங்கு கிடைத்தது. உட்வர்ட் 1979-லேயே காலமாகியிருந்தார்.