ராமநாதபுரம் பல்லிக்குப் பலன் உண்டா?

பஞ்சாங்கத்தில் அச்சாகும் ‘பல்லி விழும் பலன்’ ஊர் பேதமில்லாமல் எல்லாருக்கும் பொருந்தும் என்றே நம்பப்பட்டு வருகிறது. தலையின் வலப்பக்கம் விழுந்தால் கலகம், தோளில் என்றால் வெற்றி. இந்தச் சாஸ்திரம் ராமநாதபுரத்தில் செல்லாது என்பதே இக்கட்டுரையின் துணிபு. முதல் சான்று 1906-ஆம் ஆண்டுக்குரியது. அந்த ஆண்டில்தான் நெல்சன் அன்னண்டேல் என்ற விலங்கியலாளர், ராமநாதபுரத்தில் கிடைத்த ஒரு பல்லியைப் புதிய இனம் என்று உலகுக்கு அறிவித்தார். வைத்த பேரினப் பெயர் பிறகு மாறி, இன்று அது ஹெமிடாக்டைலஸ் ஸ்கேப்ரிசெப்ஸ். அக்கரையில் இலங்கையிலும் உண்டு. உடம்பு நெடுக ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த செதில்கள். பெரும்பாலான பல்லிகளைப் போலவே இதற்கும் மூடித் திறக்கும் இமை கிடையாது. கண்ணில் தூசி பட்டால் நாக்கை நீட்டி நக்கித் துடைத்துக்கொள்ளும். நம் வாதத்துக்கு முக்கியமானது வேறொன்று: வறண்ட சமவெளியில் தரையோடு தரையாகப் பிழைக்கும் பிராணி இது. விழ வேண்டுமானால் முதலில் மேலே இருக்க வேண்டும். தரையில் கிடப்பது யார் தலையில் விழும்?

ராமநாதபுரத்து வீடுகளில் ட்யூப்லைட்டுக்குப் பின்னால் பல்லியே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் அந்த வீட்டுப் பல்லி கப்பல் சரக்கோடு ஆஸ்திரேலியா வரை போய்க் குடியேறிய நாடோடி; தண்ணியில்லாக் காட்டின் தலைவிதியைச் சொல்ல அதற்கு என்ன பாத்தியதை? பலன் சொல்லும் உரிமை மண்ணின் மைந்தனுக்கே. பல்லி விழாவிட்டாலும் மனிதர் தடுக்கி அதன்மேல் விழலாமே என்பது இன்னொரு ஆட்சேபம். நியாயமானதுதான். ஆனால் விழுகிறவர் விழப்படுகிறவருக்கே பலன் தருகிறார் என்பது சாஸ்திர முறை. ஆகவே அந்தப் பலன் முழுவதும் பல்லியைச் சேரும். அது தோளில் வாங்கியதா தலையில் வாங்கியதா என்று விசாரிக்கும் நிலையில் பெரும்பாலும் இருக்காது. பரிகாரச் செலவும் இதனால் மிச்சம். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியைத் தொட இங்கிருந்து யாரும் பஸ் ஏற வேண்டியதில்லை. பல்லி சாராத பாவங்களுக்கு ராமேஸ்வரத்தில் 22 தீர்த்தங்கள் இருக்கின்றன.

எனவே பஞ்சாங்கப் பதிப்பாளர்கள் அடுத்த வருஷம் அந்தப் பட்டியலுக்குக் கீழே, ‘ராமநாதபுரம் மாவட்டம் நீங்கலாக’ என்று ஒரு வரி சேர்த்து அச்சிட வேண்டும்.